எம்பிபிஎஸ் இரண்டாம் வருடம்: ஆய்வுக்கு எந்தத் தலைப்பை எடுப்பது?

பேத்தோ பாவி கேட்டது:

தென்மாவட்டத்தில் ஒரு அரசுக் கல்லூரி, இரண்டாம் வருடம் படிக்கிறேன். ஐசிஎம்ஆர் எஸ்டிஎஸ்-க்கு (மருத்துவ மாணவர்கள் ஒரு கைடின் கீழ் குறுகிய கால ஆய்வு செய்ய, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஸ்டைபண்ட் தரும் திட்டம்) இந்த முறை விண்ணப்பிக்கலாம் என்று ஆசை. தலைப்பில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

எங்கள் மேடம், "முதல் வருடப் பிள்ளைகளின் செல்போன் பழக்கத்தை எடு, கூகுள் ஃபார்ம் அனுப்பினால் ஒரே வாரத்தில் வேலை முடிந்தது" என்கிறார். போன வருடமும் யாரோ இதே தலைப்பை எடுத்தார்கள். ஃபார்மை நிரப்பியவர்களில் நானும் ஒருவன். பாதிக் கேள்வியைப் படிக்காமலே டிக் அடித்தேன். ரூம்மேட்டோ, சர்க்கரை நோயாளிகளுக்கு விட்டமின் டி அளவு பார், அதுதான் கெத்து என்கிறான். சர்க்கரை நோயில் எனக்கும் ஆர்வம் உண்டு. (எங்கள் ஆச்சி பதினொரு வருடமாக இன்சுலின் போடுகிறார். ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் பாட்டிலைக் கவரில் கட்டி மண்பானைத் தண்ணீரில் போட்டு வைப்பார். ஃபிரிட்ஜ் வந்த பிறகும் அப்படித்தான். கரண்ட் போனாலும் பானைக்கு ஒன்றும் ஆகாதாம்.)

செலவு, நேரம் எல்லாம் எப்படிக் கணக்குப் போடுவது? எந்தத் தலைப்பு என்றால் செலக்ட் ஆகும்?

ஹவுஸ்சர்ஜன் 24 மணி நேரம்:

தம்பி, முதலில் கைடைப் பிடி. ஒரு கைடு ஒரு மாணவரைத்தான் எடுக்க முடியும், நல்ல சார்கள் எல்லாம் சீக்கிரம் போய்விடுவார்கள். ஹவுஸ்சர்ஜன் ஆகிவிட்டால் விண்ணப்பிக்கவே முடியாது, என்னைப் போல அப்புறம் பார்க்கலாம் என்று இருந்துவிடாதே. மற்றபடி மேடம் சொன்னதை எடுத்தால் நிம்மதி.

எஸ்பிஎம் அக்கா:

நிம்மதிதான், ஆனால் எழுதி முடித்த பிறகு அதை நீயே படிக்க மாட்டாய்.

நான் இப்போது கம்யூனிட்டி மெடிசின் பிஜி. உன் வயதில் உன் ரூம்மேட் பேச்சைக் கேட்டவள். கல்லூரி பெயர் வேண்டாம். ரத்தத்தில் ஒரு ஹார்மோன் அளவு, அதை அளக்க எலிசா என்ற டெஸ்ட் கிட், எல்லாம் கெத்துதான். ஒரு கிட்டில் 96 குழி. ஸ்டாண்டர்டுக்கு (ஒப்பிட்டுப் பார்க்க, அளவு தெரிந்த சாம்பிள்) பதினாறு போக, ஒவ்வொருவருக்கும் இரண்டு குழி என்று ஓட்டினால் 40 பேரோடு சரி. கிட்டை ஒருமுறை பிரித்தால் ஒரே மூச்சில் ஓட்ட வேண்டும் என்பதால், 40 பேரின் சீரமும் (ரத்தத்தில் பிரித்தெடுத்த தெளிநீர்) சேரும் வரை டீப் ஃப்ரீஸரில் வைத்திருந்தேன். ஆர்டர் செய்த கிட் ஆறாவது வாரம்தான் வந்தது. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை கரண்ட் போய், ஜெனரேட்டர் லைனில் அந்த ஃப்ரீஸர் இல்லை என்பது திங்கள் காலை தெரிந்தது. 37 குட்டிக் குழாய்கள், மூடியில் என் கையெழுத்து, உள்ளே தண்ணீராய் நின்றது. எஸ்டிஎஸ்-க்கு மொத்தமே இரண்டு மாதம். ரிப்போர்ட் போகாமல் ஸ்டைபண்டும் கிடையாது, சான்றிதழும் கிடையாது.

கெத்து பற்றி ஒன்று. லாங்கர்ஹான்ஸ் 1869-இல் பெர்லினில் கணையத்துக்குள், இன்சுலின் சுரப்பவை என்று இன்று நமக்குத் தெரிந்த திட்டுகளைப் பார்த்தபோது அவரும் மாணவர், வயது 21. அவை எதற்கு என்று தனக்குத் தெரியாது என்றே எழுதினார். கையில் இருந்தது மைக்ராஸ்கோப், அதில் தெரிந்ததை ஒழுங்காக எழுதினார், அவ்வளவுதான்.

உன் கையில் என்ன இருக்கிறது? உன் தலைப்பை நீயே அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு வெளியே தேடுகிறாய். பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். பிரித்தது சாதாரண அறை வெப்பத்தில் சுமார் நான்கு வாரம் தாங்கும். ஆனால் அந்த 'அறை' 25, 30 டிகிரி அறை. சித்திரை மாதத்து ஆஸ்பெஸ்டாஸ் வீடு அந்தக் கணக்கில் வராது.

இன்னொன்று, என் கண்ணால் பார்த்தது. ஹவுஸ்சர்ஜனாக இருந்தபோது ஒரு தாத்தா. சர்க்கரை 400-க்குக் கீழே இறங்கவே இல்லை. ஒவ்வொரு ஓபியிலும் டோஸை ஏற்றி 30 யூனிட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். கடைசியில் வார்டில் சேர்த்து, சிஸ்டர் அதே 30-ஐப் போட்டார். விடியற்காலை வேர்த்து ஊற்றி, பேச்சுக் குழறி, சர்க்கரை 42. டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றி எழுந்து உட்கார்ந்த பிறகு, "வீட்டில் எப்படிப் போடுவீங்க, இழுத்துக் காட்டுங்க தாத்தா" என்றேன். பையிலிருந்து எடுத்தது ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். அரசு ஆஸ்பத்திரி பாட்டில் மில்லிக்கு 40 யூனிட், அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. ஆரஞ்சு, மில்லிக்கு 100 யூனிட் பாட்டிலுக்கானது. அதில் 30 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 12 யூனிட். இத்தனை மாதம் அவர் போட்டது பன்னிரண்டு. வார்டில்தான் முதன்முறையாக உண்மையான முப்பது ஏறியிருக்கிறது. டோஸை ஏற்றியவர்களில் ஒருவர்கூட சிரிஞ்சைக் கேட்கவில்லை. நானும்தான்.

சர்க்கரை ஓபிக்கு வருபவர்களிடம் அடுத்த முறை பாட்டிலும் சிரிஞ்சும் கொண்டுவரச் சொல். இழுத்துக் காட்டச் சொல். எங்கே வைக்கிறார்கள் என்று கேள். செலவு ஜெராக்ஸுக்கு ஆவதுதான். ஆனால் எத்திக்ஸ் கமிட்டி அனுமதி இதற்கும் வேண்டும், ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும். அங்கே கட்டாயம் கேட்பார்கள்: தப்பான சிரிஞ்சைப் பார்த்தால் என்ன செய்வாய்? பார்த்ததை முதலில் குறித்துக்கொள், ஆனால் அவர் அந்த ஓபியை விட்டுப் போவதற்குள் சரிசெய்தாக வேண்டும். சரியான சிரிஞ்ச் கொடுத்தால் உள்ளே போகும் அளவு திடீரென்று இரண்டரை மடங்கு ஆகும் என்பதால், டோஸை டாக்டர்தான் மாற்றி எழுத வேண்டும். இதைப் புரபோசலிலேயே எழுது.

நாலு பிக்யூ:

அக்கா சொன்னதற்குக் கணக்கு. முந்தைய ஆய்வுகளைப் பார்த்து, தப்பு செய்பவர்கள் சுமார் 30 சதவீதம் என்று எடுத்தால், எத்தனை பேரைப் பார்க்க வேண்டும் என்ற சூத்திரத்தில் வரும் 4பிக்யூ (பி தப்பு செய்பவர்கள், க்யூ மீதிப் பேர்) என்பது 4 × 30 × 70 = 8400. முடிவில் அனுமதிக்கும் பிழை 5 சதவீதம் என்றால், அதன் வர்க்கமான 25-ஆல் வகுக்க 336 பேர். 10 என்றால் 84. சர்க்கரை ஓபி வாரம் இரண்டு நாள் என்றால் எட்டு வாரத்தில் 16 நாள். 336-க்கு நாளைக்கு 21 பேர், கிளாஸை விட்டாலும் முடியாது. 84-க்கு ஐந்தாறு பேர், ஆளுக்கு இருபது நிமிடம். பிழை 10 ஏன் என்று கேட்டால் நேரத்தைச் சொல், மழுப்பாதே.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒருநாள் போய் உட்கார்ந்து எண்ணு. இன்சுலின் வாங்குபவர்களே நாலு பேர்தான் வருகிறார்கள் என்றால் இந்தக் கணக்கு வீண்.

பேத்தோ பாவி:

செவ்வாய்க்கிழமை பார்மசி கவுன்டர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டு வரை இன்சுலின் வாங்கியவர்கள் 31 பேர். ஒரு அம்மா பாட்டிலை வாங்கி, ஈரத்துணி சுற்றி டிபன் பாக்ஸுக்குள் வைத்து மூடினார். ஊருக்கு இரண்டு பஸ் மாறணுமாம்.

ராத்திரி ஆச்சிக்குப் போன் போட்டு மூடி என்ன கலர் என்று கேட்டேன். சிவப்புதான். "டாக்டருக்குப் படிக்கிறவன் இதைக் கேட்கத்தான் போன் போட்டியா?" என்றார். ஆனால் ஒரு சிரிஞ்சை இருபது நாள் வைத்துக்கொள்கிறார், பாட்டிலோடு அதுவும் பானையில்தான் கிடக்கிறதாம். அக்கா, ஒரே சிரிஞ்சை எத்தனை தடவை போடுகிறார்கள், போட்ட இடம் தடித்திருக்கிறதா, இதையெல்லாமும் சேர்த்துக்கொள்ளவா?

எஸ்பிஎம் அக்கா:

எத்தனை தடவை என்பதை ஒரு கேள்வியாகச் சேர். தடிப்பு வேண்டாம், தடவிப் பார்க்கப் பழக்கம் வேண்டும், அதை நீ இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. ஆச்சியின் சிரிஞ்சை மட்டும் இந்த வாரமே மாற்று. மேடம் எந்த நாள் ஓய்வாக இருப்பார்? அந்த 31-ஐ ஒரு தாளில் எழுதிக்கொண்டு போ.