சாவி கேட்டார், சாவி கொடுத்தேன்: வீட்டுச் சொல்லை வெளியூரில் சந்தித்த கதைகள்

முத்துநகர்:
கப்பலில் எஞ்சின் பிரிவில் வேலை. சில வருஷத்துக்கு முன்னால் பிரேசிலில் சாண்டோஸ் துறைமுகத்தில் நின்றோம். பம்ப் ஒன்று மக்கர் பண்ண, கரையிலிருந்து ஃபிட்டர் வந்தார். அவருக்கு ஆங்கிலம் சுத்தமாக வராது, எனக்குப் போர்த்துகீசியம் வராது. பம்புக்கு அடியில் படுத்துக்கொண்டு கையை மட்டும் வெளியே நீட்டி, "ஷாவி, ஷாவி" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம்ம ஊர்ச் சாவி! ஓடிப்போய் ஸ்டோர் ரூம் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து கையில் வைத்தேன். மனிதர் அதை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு தானே எழுந்துவந்து பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனார்.

போர்த்துகீசியத்தில் சாவிக்கும் ஸ்பேனருக்கும் ஒரே சொல்தானாம். திருகித் திருகி அளவு மாற்றுகிற ஸ்பேனருக்குப் பெயர் 'ஆங்கிலச் சாவி'. நாம் பூட்டுக்கானதை மட்டும் வாங்கிக்கொண்டு ஸ்பேனரை அவர்களிடமே விட்டுவிட்டோம் போல. அந்த 'ஷ'வும் பிற்பாடு வந்ததுதான். 16ஆம் நூற்றாண்டில் அவர்கள் கரையிறங்கியபோது 'ச்சாவி' என்கிற மாதிரி அழுத்தித்தான் சொல்லியிருக்கிறார்கள்.

அன்று டீ நேரம் முழுக்க இதே விளையாட்டு. மேஜையைத் தட்டினால் 'மேசா', ஜன்னலைக் காட்டினால் 'ஜனெலா', அலமாரிக்கு 'அர்மாரியு'. அன்னாசியில் மட்டும் தோற்றேன். அந்த ஊரில் அது 'அபகஷி'. நம்ம 'அன்னாசி'யும் தென்னமெரிக்கப் பூர்வகுடிகளின் சொல்தான், போர்த்துகீசியர் வழியாக நமக்கு வந்தது. கடல் தாண்டி நான் அதைத் திருப்பிக் கொண்டுபோனால், அங்கே வேறு பெயரில் விற்கிறார்கள்.

உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?

வடமராட்சி:
நல்ல கதை. ஆனா எங்கட வீட்டில ஒருத்தரும் சாவி எண்டு சொல்லமாட்டினம், திறப்புத்தான். யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயர் 1619 தொடக்கம் 1658 வரைக்கும் ஆண்டவை. அவையின்ர ஆட்சியையே காணாத சேலத்து ஆக்கள் சாவி எண்டினம், அவையிட்ட அடிவாங்கின நாங்கள் திறப்பு எண்டிறம்! அதுக்காக நாங்கள் ஒண்டும் எடுக்கேல்லை எண்டில்லை. குசினி (சமையலறை), அலவாங்கு (கடப்பாரை), சப்பாத்து (ஷூ), துவாய் (துண்டு), காலமைச் சாப்பாட்டுக்குப் பாண் (ரொட்டி), எல்லாம் அவையின்ரதான்.

எனக்கு நடந்தது ரொட்டர்டாமில. வந்து முதல் கிழமை, பதிவு விசயமா அலைஞ்சு கொண்டு நிக்கிறன். ஒரு கட்டடத்தில பலகை. எழுத்துக் கூட்டி வாசிச்சால் 'கந்தோர்'. அப்பப்பா சாகும்வரைக்கும் "கந்தோருக்குப் போட்டு வாறன்" எண்டுதான் சொன்னவர். ஒல்லாந்தர், அதுதான் டச்சுக்காரர், விட்டிட்டுப் போன சொல் எண்டு அவருக்குத் தெரிஞ்சிருக்குமோ தெரியாது. ஊரில இப்ப பொடியள் எல்லாம் ஒஃபீஸ் எண்டுதான் சொல்லுதுகள். குளிருக்குள்ள நிண்டு அந்தப் பலகையைக் கனநேரம் பாத்துக்கொண்டிருந்தன்.

சந்தேகப்பிராணி:
என்னுடையது அவமானக் கதை. கல்லூரிப் பேச்சுப்போட்டியில் மேஜையைத் தட்டி, "ஆங்கிலேயன் சொல்லும் கேஷ், நம் காசு!" என்றேன். நல்ல கைதட்டல். நடுவராக வந்த வயதான பேராசிரியர் பிறகு தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, எந்த கேஷ்?" என்றார். திருதிருவென்று விழித்தேன்.

ஆங்கிலத்தில் கேஷ் இரண்டு. ரொக்கத்தைக் குறிப்பது பிரெஞ்சிலிருந்து வந்தது, மூலத்தில் பெட்டி என்று பொருள். சீனாவில் நடுவில் ஓட்டை போட்ட சில்லறை நாணயங்களையும் ஐரோப்பியர் கேஷ் என்றார்கள். அதுதான் நம் காசு, போர்த்துகீசியர் வாய்வழியாகப் போனது. ஆக நான் சொன்னது பாதி சரி. பாதி சரியாக இருப்பவைதான் வாட்ஸ்அப்பில் வேகமாகப் பரவுகின்றன. கட்டுமரமும் மிளகுத்தண்ணீரும் ஆங்கில அகராதியில் இருக்கின்றன, அதில் சண்டையே இல்லை. அதை விட்டுவிட்டு எல்லா ஊர்ச் சொல்லுக்கும் பட்டா கேட்பது எனக்கு எரிச்சல்.

தயிர்ப்பானை:
நான் எங்கும் போகவில்லை, படித்ததுதான். எகிப்தில் செங்கடல் கரையில் குசெய்ர் அல்-கதீம் என்ற பழைய துறைமுகத்தில் ஒரு பானை ஓடு கிடைத்தது. அதில் தமிழ்ப் பிராமி என்கிற பழைய எழுத்தில் 'பானை ஒறி' என்று எழுதியிருப்பதைக் கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் வாசித்தார். கி.மு. முதல் நூற்றாண்டு. ஒறி என்றால் நம்ம உறி. பூனைக்குப் பயந்து எங்கள் பாட்டி தயிரைத் தொங்கவிடுவாரே, அதே கயிறு. இத்தனை தூரம் போனவன் அரசன் பெயரையோ சாமி பெயரையோ எழுதாமல் உறியைப் பற்றி எழுதியிருக்கிறான். என் பிள்ளைகளுக்கு உறி என்றால் என்னவென்று படம் போட்டுத்தான் காட்ட வேண்டியிருந்தது.

முத்துநகர்:
வடமராட்சி, உங்க கந்தோரைப் படித்ததும் எங்க ஆச்சி ஞாபகம் வந்துவிட்டது. கடைக்கு அனுப்பும்போது "துட்டு பத்திரம்ல" என்பாள். அதுவும் டச்சுக்காரன் செப்புக்காசின் பெயர்தான். எங்க தூத்துக்குடியையும் 1658இல் அவர்கள்தானே பிடித்தார்கள். டச்சுக்காரர் ஊரில் இன்னும் அந்தச் சொல் இருக்கிறதா?

வடமராட்சி:
காசு எப்பவோ ஒழிஞ்சுது, சொல் பழமொழியில கிடக்கு. 'டெய்ட்' எண்டு கேக்கும். எங்கட பக்கம் துட்டு எண்டு சொல்லுறேல்லை, காசுதான். அப்ப கந்தோர் எங்களுக்கு, துட்டு உங்களுக்கு. இது என்ன பங்கு அண்ணை!