நம்ம எம்.எல்.ஏ எதுக்கு ‘ஆம்’ சொன்னார்? நேர்ல கேட்டுப் பார்த்தவங்க சொல்லுங்க

கப்பலூர் ஷிப்ட்காரன்

நான் கப்பலூர் சிட்கோவுல வேலை பாக்குறேன். வீடு வேற தொகுதியில. எந்தத் தொகுதின்னு கேக்காதீங்க, ஆளைக் கண்டுபிடிச்சுருவீங்க.

2023 ஏப்ரல் 21, வெள்ளிக்கிழமை. 12 மணி நேர வேலைக்கு வழி விடுற தொழிற்சாலைகள் திருத்த மசோதா சட்டசபையில நிறைவேறுச்சு. கம்பெனியில டீ நேரம் முழுக்க அதே பேச்சுதான். ஞாயித்துக்கிழமை சொந்தக்காரப் புள்ளைக்குக் காதணி விழா. எங்க எம்.எல்.ஏவும் வந்திருந்தாரு. பந்தியில எனக்கு ரெண்டு இலை தள்ளித்தான் உக்காந்தாரு. சாப்பிட்டு முடிச்சுக் கை கழுவுற இடத்துல மடக்கிட்டேன்.

“அண்ணே, வெள்ளிக்கிழமை அந்த மசோதாவுக்கு நீங்க ‘ஆம்’ சொன்னீங்களா, ‘இல்லை’ சொன்னீங்களா?”

சிரிச்சாரு. “தம்பி, அங்க எல்லாரும் சேந்து சொல்றதுதான. நீ எங்க வேலை பாக்குற?” நான் பதில் சொல்றதுக்குள்ள கூட வந்தவரு, “உங்க தெருவுக்குப் பேவர் பிளாக் வந்துருச்சுல்ல?”ன்னு கேட்டாரு. வந்துருச்சுதான். நானும் தலையாட்டிட்டேன். அந்தத் தலையாட்டுதான் இன்னைக்கு வரைக்கும் உறுத்துது.

வெளிய வந்து மொய் எழுதுனேன். 500 ரூபா. அதுக்கு எம் பேரு, எங்கப்பா பேரு, ஊரு எல்லாத்தையும் கேட்டு நோட்டுல ஏத்திக்கிட்டு, மைக்குலயும் வாசிச்சாங்க. எங்க வேலை நேரத்தை மாத்துற சட்டத்துக்கு யாரு என்ன சொன்னாங்கன்னு மட்டும் எந்த நோட்டுலயும் இல்லையாம்.

மறுநாள் 24ஆம் தேதியே அரசாங்கம் அதை நிறுத்தி வச்சுது. மே 1 அன்னைக்கு வாபஸ்னு முதல்வர் ஸ்டாலின் அறிவிச்சாரு. நல்லதுதான். ஆனா என் கேள்வி அப்படியே நிக்குது. உங்கள்ல யாராவது கேட்டிருக்கீங்களா?

தானப்ப முதலி தெரு

பேவர் பிளாக் இப்ப எப்படி இருக்குண்ணே? எங்க தெருவுல ஒரே மழையில பல்லைக் காட்டிருச்சு.

ஓய்வுபெற்ற நிருபர்

தம்பி, உங்க எம்.எல்.ஏ பொய் சொல்லலை. பத்திரிகையாளர் மாடத்துல பல வருஷம் உக்காந்தவன் சொல்றேன். பேரவைத் தலைவர் “ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க”ம்பாரு. சத்தம் வரும். “நிறைவேறியது”ம்பாரு. அடுத்த மசோதா. அவ்வளவுதான் குரல் வாக்கெடுப்பு. அங்க எழுதிக்க ஒரு பேரும் கிடையாது. யாராவது ‘டிவிஷன்’ கேட்டு, எண்ணிப் பாக்கச் சொன்னாத்தான் தலைக்கணக்கு. பெரிய கட்சிக்குப் பெரும்பான்மை இருக்கும்போது யாரு கேக்கப் போறா?

நீங்க சொல்ற அன்னைக்குக் காங்கிரஸ், கம்யூனிஸ்ட், விடுதலைச் சிறுத்தைகள்னு கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செஞ்சாங்க. அதனால கட்சி வாரியா ஓரளவு தெரியுது, ஆள் வாரியாத் தெரியாது. வெளிநடப்புங்கிறதே ஒரு வசதி பாத்துக்குங்க. எதிர்த்த மாதிரியும் ஆச்சு, ‘இல்லை’ சொல்லாத மாதிரியும் ஆச்சு. இன்னொண்ணு, பெரிய ஏரி குளம் உள்ள நிலங்களைக்கூடச் சிறப்புத் திட்டங்களுக்கு ஒருங்கிணைக்க வழி செய்யுற மசோதாவும் அதே நாள்லதான் போச்சு. விவசாயச் சங்கங்கள் பின்னாடி எவ்வளவோ கத்துனாங்க. அதைப் பத்தி எந்தக் காதணி விழாவுலயும் யாரும் கேட்டிருக்க மாட்டாங்க.

அலங்காநல்லூர் பக்கம்

எங்களுக்கு ரெண்டு விதமும் கிடைச்சுதுங்க, அதுவும் ஒரே மாசத்துக்குள்ள. 2017 ஜனவரி 23 ஜல்லிக்கட்டு மசோதா. ஒரு எதிர்ப்பு இல்ல, குரல்லயே நிறைவேறுச்சு. வாடிவாசல்ல உக்காந்திருந்த நாங்க யாரு ‘ஆம்’ சொன்னாங்கன்னு கேக்கவே இல்ல. யாராலயும் வேற சொல்ல முடியாதுன்னு தெரியும்.

அடுத்து பிப்ரவரி 18. எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை வாக்கு. எதிர்த்தவங்க ரகசிய ஓட்டு வேணும்னாங்க, பேரவைத் தலைவர் தனபால் முடியாதுன்னுட்டாரு. சட்டை கிழிஞ்சுது, மைக் உடைஞ்சுது, தி.மு.க.காரங்களை வெளியேத்துனாங்க. அப்புறம் பகுதி பகுதியா எழுந்து நிக்கச் சொல்லி எண்ணுனாங்க. ஆதரவு 122, எதிர்ப்பு 11. சொந்தக் கட்சி ஆட்சியையே எதிர்த்த அந்தப் பதினோரு பேருல எங்க சோழவந்தான் எம்.எல்.ஏவும் ஒருத்தர், மதுரை தெற்கு எம்.எல்.ஏவும் ஒருத்தர். அன்னைக்கு ராத்திரி டீக்கடையில எங்க ஆளு சரியா தப்பான்னு அடிதடி ஆகாத குறை. ஒரு ஓட்டுக்கு நாங்க சண்டை போட்டது அந்த ஒரு நாள்தான். எனக்கு அது பிடிச்சிருந்துது. பின்னாடி அந்தப் பதினோரு பேரும் பதவியில இருக்கலாமா கூடாதான்னு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயி, 2020ல பேரவைத் தலைவரே முடிவு பண்ணட்டும்னு திரும்பி வந்துருச்சு.

ஒத்தக்கடை வக்கீல்

நண்பர்களே, எம்.எல்.ஏ பாவமும் கொஞ்சம் பாருங்க. 1985ல வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடா, அதாவது எந்தப் பக்கம் ஓட்டுப் போடணும்னு கட்சி சார்பா சொல்றவரு, அவரு உத்தரவை மீறி ஓட்டுப் போட்டா, கட்சி 15 நாளுக்குள்ள மன்னிக்கலைன்னா பதவிக்கே ஆபத்து. ஆளு என்ன நினைச்சாலும் கை கட்சி சொல்ற பக்கம்தான் போகும். அதனால நான் எம்.எல்.ஏ கிட்ட ஓட்டைக் கேக்குறதில்ல. “விவாதத்துல பேசுனீங்களா?”ன்னு கேப்பேன். பேச்சு அவைக் குறிப்புல பேரோட இருக்கும். ஒருத்தர்கிட்ட இப்படிக் கேட்டப்ப, “எனக்கு நேரம் ஒதுக்கல சார்”னாரு. அதுவும் உண்மையா இருக்கலாம்.

மேலூர் நரசிங்கம்பட்டி

நீங்க எல்லாரும் பதில் கிடைக்கலைங்கிறீங்க. எங்களுக்குக் கேக்காமலே கிடைச்சுது. 2024 டிசம்பர் 9, எங்க பக்கம் வர இருந்த டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிரா சட்டசபையில தனித் தீர்மானம், ஒருமனதா. அந்த வாரம் ஊருக்குள்ள வராத கட்சிக்காரன் கிடையாது. “நாங்க ஆதரிச்சோம், நாங்களும் ஆதரிச்சோம்.” அரிட்டாபட்டி மலை எந்தப் பக்கம்னு வழி கேட்டுக்கிட்டு வந்தவங்ககூட உண்டு.

தீர்மானத்துக்குச் சட்ட பலம் கிடையாதுன்னு எங்களுக்கும் தெரியும். ஏலம் விட்டது ஒன்றிய அரசு. அதான் 2025 ஜனவரி 7 அன்னைக்கு இங்கருந்து மதுரை தல்லாகுளம் வரைக்கும் நடந்தோம். எங்கம்மாவும் செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு நடந்துச்சு. 23ஆம் தேதி ஏலம் ரத்து. இப்ப யாராவது மேடையில “நான் கை தூக்குனேன்”னா அம்மா கேக்குது: “தூக்குனது சரிப்பா, நடந்தியா?”

கப்பலூர் ஷிப்ட்காரன்

வக்கீல் சார் சொன்னது நல்லாருக்கு. பேசுனீங்களான்னு கேட்டிருக்கணும், எனக்குத் தோணலை. மேலூர்க்காரரே, அம்மாவுக்கு ஒரு கும்பிடு.

தானப்ப முதலி தெரு அண்ணனுக்கு: எங்க தெருவுலயும் அதே கதிதான். குழாய்க்குத் தோண்டுனாங்க, கல்லைத் திரும்பப் பதிக்கலை. நாலு கல்லு எங்க வீட்டு வாசப்படிக்கு உதவுது.