புது மனைப்பிரிவுக்குத் தண்ணீர் யார் பொறுப்பு? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். செங்கல்பட்டு பக்கம் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் போன வருடம் மனை வாங்கினோம். மொத்தம் 64 மனைகள், முகப்பில் நாலு கடைகளுக்கும் இடம் உண்டு. விற்கும்போது மேல்நிலைத் தொட்டி, தெருவுக்குத் தெரு குழாய் என்றெல்லாம் சொன்னவர்கள், இப்போது ஒரே ஒரு போர்வெல்லைக் காட்டி இதுதான் தண்ணீர் என்கிறார்கள், அதிலும் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) லிட்டருக்கு 1,800 மில்லிகிராம். குடிநீரில் 500 வரைதான் ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லையென்றால்தான் 2,000 வரை அனுமதி. நகரக் கணக்கில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று வைத்தால், வீட்டுக்கு நாலு பேர் வீதம் 64 வீட்டுக்கே தினமும் 34,560 லிட்டர் வேண்டும், கடைகள் தனி. ஒரு போர்வெல் கோடையில் இதைத் தாங்குமா என்று எனக்குப் பயமாக இருக்கிறது, வீட்டில் கைக்குழந்தை வேறு.

சாலையையும் பூங்கா இடத்தையும் ஊராட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்தாயிற்று. அப்புறம் குழாய் போடுவது யார் வேலை, ஊராட்சியா, மனை விற்றவரா? விளம்பர நோட்டீஸை வைத்து ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) புகார் கொடுத்து யாருக்காவது தீர்வு கிடைத்திருக்கிறதா? கூட்டுக் குடிநீர்த் திட்ட இணைப்பு கேட்க முதலில் யாரிடம் மனு கொடுக்க வேண்டும்? அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள், வரும் ஞாயிறு மனை வாங்கியவர்கள் எல்லோரும் கூடுகிறோம்.