புதுப்பிப்பு: லினக்ஸில் வெப்கேம் கறுப்பாகத் தெரிந்த சிக்கல் தீர்ந்தது

உதவிய எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. பிரச்சினை இதுதான்: மடிக்கணினி கேமரா முதல் தடவை ஒழுங்காக வரும். மூடிவிட்டு மறுபடி திறந்தால் வெறும் கறுப்பு, கர்னல் லாகில் (லினக்ஸ் மையப்பகுதியின் பதிவேடு) யூவிசி-வீடியோ (கேமரா டிரைவர்) பிழை -71, அதாவது யூஎஸ்பி தொடர்புப் பிழை.

டிரைவரைக் கழற்றி ஏற்றியதில் பலனில்லை. யூஎஸ்பி ஆட்டோசஸ்பெண்டை (சும்மா இருக்கும் சாதனத்தைத் தூங்க வைக்கும் மின்சேமிப்பு வசதி) நிறுத்தச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. யூஎஸ்பிகோரில் (கர்னலின் யூஎஸ்பி பகுதி) அதன் மதிப்பை 2 விநாடியிலிருந்து -1 (தூங்கவே வேண்டாம்) ஆக்கியதும் படம் வந்தது. ஆனால் அது மற்ற யூஎஸ்பி சாதனங்களையும் தூங்க விடாது, பேட்டரி பாவம். அதனால் கேமராவின் வெண்டர், பிராடக்ட் எண்களுக்கு மட்டும் யூடெவ் விதி (சாதனத்தைக் கண்டதும் அதன் அமைப்பைத் தானாகப் போடுவது) எழுதி, பவர் கண்ட்ரோலை 'ஆன்' (எப்போதும் விழித்திரு) என்று வைத்தேன்.

எதிர்பாராதது: ரீபூட் செய்ததும் மறுபடி 'ஆட்டோ' (தூங்கலாம்)! பூட்டில் ஓடும்படி நான் எப்போதோ போட்டுவைத்த பவர்டாப் ஆட்டோடியூன் சர்வீஸ்தான் (மின்சேமிப்பு அமைப்புகளைத் தானாகப் போடுவது) மாற்றியிருக்கிறது. அதை நிறுத்தியபின் ஒரு வாரமாகச் சிக்கலே இல்லை.