பையின் அடியில் கிடைத்த பள்ளிக் காகிதம்: கொஞ்சம் விளக்குங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். கோவையிலிருந்து அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் எடிசன் பக்கம் குடிவந்து மூன்று மாதம்தான் ஆகிறது. மகள் ஒன்றாம் வகுப்பு. நேற்று அவள் பையின் அடியில், நசுங்கிய வாழைப்பழம் ஒட்டிய மஞ்சள் காகிதம் ஒன்று கிடைத்தது. இலையுதிர்காலச் செய்திமடலாம். படித்ததும் தலை சுற்றிவிட்டது.

போட்டோ எடுக்கும் நாள் புரிகிறது. புக் ஃபேருக்கு எவ்வளவு காசு கொடுத்து அனுப்புவீர்கள்? 20 டாலர் போதுமா? புத்தகத்தை விட்டுவிட்டு வாசனை ரப்பரோடு வருவாள் என்பது வேறு கதை.

பெரிய குழப்பம், பிள்ளைகள் வேஷம் போட்டுப் போகும் ஹாலோவீன் பண்டிகை ஊர்வலம். வேஷத்தை வீட்டிலேயே போட்டு அனுப்பணுமா, பையில் வைத்து அனுப்பணுமா? முகமூடி, பொம்மை ஆயுதம் கூடாது என்று போட்டிருக்கிறது. இவளோ வேலோடு முருகன் வேஷம்தான் வேண்டும் என்று ஒரே அடம். அட்டையில் வெட்டிய வேலும் ஆயுதக் கணக்கில் வருமா? சிரிக்காதீர்கள், நிஜமாகவே கேட்கிறேன்.

தீபாவளிக்கு வகுப்புப் பிள்ளைகளுக்குப் பலகாரம் கொடுக்க ஆசை. வேர்க்கடலை, முந்திரி கூடாதாம். வீட்டு முறுக்கு பரவாயில்லையா, இல்லை என்னென்ன சேர்த்திருக்கிறது என்று அச்சிட்ட கடை பாக்கெட்தான் வேண்டுமா?

அப்புறம், நவம்பர் தொடக்கத்தில் அட்லாண்டிக் சிட்டியில் ஆசிரியர் மாநாடாம், வியாழன், வெள்ளி பள்ளி லீவு. எனக்கு ஆபீஸ் உண்டு. அந்த இரண்டு நாள் பிள்ளையை எங்கே விடுவீர்கள்? அனுபவப்பட்ட அக்காக்கள், அண்ணன்கள் யாராவது சொல்லுங்கள். வேல் விஷயம் மட்டும் கொஞ்சம் அவசரம், அட்டை வாங்கியாச்சு.