சிப்ஸ், மிக்சர் தொழிற்சாலையில் பேக்கிங் வேலை எப்படி இருக்கும்?

கேள்வி: சுல்தான்பேட்டைக்காரி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் சுல்தான்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கிராமம். வீட்டுக்காரர் கூலிக்குத் தறி ஓட்டுகிறார். தறியில் ஏற்றும் பாவு நூல் வருகிற வாரம் வேலை, வராத வாரம் சும்மா என்ற நிலை வந்துவிட்டது. நான் கல்யாணத்துக்கு முன்பிருந்தே திருப்பூர் பனியன் கம்பெனிகளில் செக்கிங் வேலை பார்த்தவள். கிணத்துக்கடவுப் பக்கம் இருக்கும் ஒரு சிப்ஸ், மிக்சர் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவுக்குப் பெண்களை எடுக்கிறார்கள் என்றும், கம்பெனி வேன் எங்கள் ஊர் வரைக்கும் வரும் என்றும் ஒரு கண்டிராக்டர் சொல்லியிருக்கிறார்.

அங்கே வேலை உண்மையில் எப்படி இருக்கும் என்பதை உள்ளே இருந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். ஷிப்ட் முழுவதும் நின்றுகொண்டேதான் இருக்க வேண்டுமா? வயது நாற்பதை நெருங்குகிறது, இடது முழங்காலில் கொஞ்சம் வலியும் உண்டு. எண்ணெய் வாடையும் மசாலா நெடியும் உடம்புக்கு ஆகுமா? பனியன் கம்பெனியை விட்டுவிட்டு இதற்கு வருவது புத்திசாலித்தனமா என்பதுதான் என் கேள்வி.

பதில்: பேக்கிங் லைன்

அம்மிணி, நானும் பனியனில் இருந்து இந்த வேலைக்கு வந்தவள்தான்; கோவைக்குத் தெற்கே ஒரு பெரிய தொழிற்சாலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். பேக்கிங் என்றவுடன் கையால் பொட்டலம் போடுவது என்று எண்ண வேண்டாம். மேலே வட்டமாக அமைந்திருக்கும் தராசுக் கிண்ணங்கள் சிப்ஸை எடை பார்த்துக் கொட்ட, கீழே இருக்கும் இயந்திரம் சுருளில் இருந்து இறங்கும் பிலிமைக் குழாயாக வளைத்து, உள்ளே நைட்ரஜனை ஊதி, மேலும் கீழும் சூட்டில் ஒட்டி வெட்டித் தள்ளிவிடும். நம் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பாக்கெட்டை லேசாக அமுக்கிக் காற்று கசிகிறதா என்று பார்ப்பது, தேதி அச்சு தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது, எண்ணி அட்டைப்பெட்டியில் அடுக்கி டேப் ஒட்டி அனுப்புவது என்று அது நீளும். சின்னப் பாக்கெட் ஓடும் இயந்திரம் ஒன்றிலிருந்து நிமிடத்துக்கு 60, 70 என்று விழுந்துகொண்டே இருக்கும்.

பனியன் வேலைக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இந்த வேகத்தில்தான் இருக்கிறது. பீஸ் ரேட்டில், அதாவது முடித்த பீஸுக்கு ஏற்பக் கூலி என்ற முறையில், நாம் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், பக்கத்தில் இருப்பவரோடு ஒரு வார்த்தை பேசிவிட்டு அதை அடுத்த அரை மணியில் ஈடுகட்டலாம். இங்கே இயந்திரம் நமக்காக நிற்பதில்லை. தண்ணீர் குடிக்கப் போக வேண்டுமானாலும் மாற்று ஆள் வந்து நம் இடத்தில் நின்ற பிறகுதான் நகர முடியும். பாரம் தூக்குவதால் யாரும் இந்த வேலையை விட்டுப் போய் நான் பார்த்ததில்லை. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால் வரும் தோள் வலிக்கும், நிற்பதால் வரும் கால் வலிக்கும்தான் போகிறார்கள்.

நின்று வேலை செய்பவர்களுக்கு இடையிடையே உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பல இடங்களில் ஸ்டூல் இருக்கும். அதில் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முகம் எப்படி மாறுகிறது என்பதைப் பொறுத்தது மற்றது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடம் மாற்றி நிறுத்தும் தொழிற்சாலையாக இருந்தால் உங்கள் முழங்கால் தாங்கும் என்றே நினைக்கிறேன்.

இன்னொன்றையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். பூ, வளையல், ஒட்டுப்பொட்டு எதுவும் உள்ளே கூடாது. தாலிக்கொடியில் நாம் கோத்து வைத்திருக்கும் ஊக்கையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு ஊக்கு பாக்கெட்டுக்குள் போய், மெட்டல் டிடெக்டர் அதைப் பிடித்துவிட்டால், அதற்கு முன்னால் ஓடிய சரக்கு முழுவதையும் நிறுத்திச் சோதிப்பார்கள். முதல் வாரம் வெறும் நெற்றியோடு நிற்பது பலருக்கும் சங்கடமாகத்தான் இருக்கும், பிறகு பழகிவிடும்.

பதில்: ஃபிரையர் ஷிப்ட்

மேலே எழுதிய அக்கா சொல்வதெல்லாம் சரிதான், ஆனாலும் பேக்கிங் அறை எங்களுக்குச் சொர்க்கம் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சிப்ஸ் ஈரத்தை இழுத்து நமத்துவிடும் என்பதற்காக அந்த அறையை உலர்வாகவும் ஓரளவு குளிராகவும் வைத்திருப்பார்கள். நான் எண்ணெய்ப் பக்கம் இருப்பவன். சீவிய கிழங்கு 175 முதல் 180 டிகிரி வரை சூடான எண்ணெய்க்குள் ஒரு முனையில் விழுந்து, சுமார் மூன்று நிமிடத்தில் மறுமுனையில் சிப்ஸாக வெளியேறும்; ஷிப்ட் முழுவதும் அந்தத் தொட்டியின் பக்கத்தில்தான் எங்கள் வாழ்க்கை. சித்திரை வெயிலில் ஆவி போக்கும் குழாய் எவ்வளவு இழுத்தாலும் சட்டை உலராது. எங்கள் லைனில் பாதிக்கு மேல் ஒடிசா, பீகார் பையன்கள் இருக்கிறார்கள். உள்ளூர்க்காரர்கள் இந்த இடத்துக்கு வர விரும்பாததுதான் அதற்குக் காரணம்.

இதில் கடினமான வேலை பொரிப்பது அல்ல, கழுவுவது. வாரம் ஒருமுறை எண்ணெயை வடித்துவிட்டு, தொட்டியில் தண்ணீரும் காஸ்டிக் சோடாவும் நிரப்பிக் கொதிக்கவைத்து, பிசினாக ஒட்டியிருக்கும் பழைய எண்ணெயைச் சுரண்டி எடுக்க வேண்டும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அதில் இறங்கச் சொன்னால் இறங்கக் கூடாது. அதைப் போலவே எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, ஊற்றினால் தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகி எரியும் எண்ணெயைக் கூரை வரைக்கும் வீசிவிடும். பேக்கிங்கில் இருந்தாலும் அவசர வாசல் எங்கே இருக்கிறது, அதன் முன்னால் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறார்களா என்பதை முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா.

மசாலா நெடியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எண்ணெய் வாடை தலைமுடியோடு வீடு வரைக்கும் வரும். மிளகாய்ப் பொடி கலந்த மசாலாவைத் தூவும் உருளைக்குப் பக்கத்தில் நிற்பதுதான் கஷ்டம். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த இடத்தைக் கண்டிப்பாக மறுத்துவிட வேண்டும். மெல்லிய துணி முகக்கவசம் அந்தத் தூசுக்குப் போதாது.

பதில்: தரப்பிரிவு

நான் உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டுத் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். வேலை எப்படி இருக்கும் என்பதைப் பெரும்பாலும் அன்றைக்கு வரும் கிழங்குதான் முடிவு செய்கிறது. இதை வெளியில் இருப்பவர்கள் அதிகம் அறிவதில்லை.

மேட்டுப்பாளையம் மண்டியில் நீலகிரிக் கிழங்கும் வெளிமாநிலக் கிழங்கும் மலையாகக் குவிந்திருந்தாலும், குழம்புக்கு நன்றாக இருக்கும் கிழங்கு சிப்ஸுக்கு ஆகும் என்று சொல்ல முடியாது. சிப்ஸுக்கு மாவுச்சத்து மிகுந்ததாகவும் சர்க்கரை குறைந்ததாகவும் இருக்க வேண்டும். குஃப்ரி சிப்சோனா போன்ற ரகங்களை அதற்காகவே உருவாக்கினார்கள். நல்ல ரகமாக இருந்தாலும், சமையல் கிழங்கை வைப்பது போல 2 முதல் 4 டிகிரி குளிரில் கிடங்கில் வைத்துவிட்டால் மாவுச்சத்தில் ஒரு பகுதி சர்க்கரையாக மாறிவிடும். எண்ணெயில் விழுந்ததும் அந்தச் சர்க்கரை கருகிப் பழுப்பாகும், கசக்கும், அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருளும் அதிகம் உருவாகும். அதனால்தான் சிப்ஸ் கிழங்கை 10 முதல் 12 டிகிரியில் வைக்கிறார்கள்.

இதற்கும் உங்கள் வேலைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். கிழங்கு நன்றாக இருக்கும் நாளில் பொறுக்கும் பெல்ட்டில் இருக்கும் பெண்களுக்குக் கண் மட்டும்தான் வேலை செய்யும். சர்க்கரை ஏறிய லோடு வந்துவிட்டால் பழுப்புச் சில்லுகளைப் பொறுக்கிப் பொறுக்கியே கை ஓய்ந்துபோகும், கழிவு கூடும், அன்றைய இலக்கு எட்டாது, அந்தக் கோபம் கடைசியில் லைனில் இருப்பவர்கள் மீதுதான் இறங்கும். கிழங்கில் ஏறக்குறைய 80 சதவீதம் தண்ணீர் என்பதால் ஒரு கிலோ சிப்ஸுக்கு நான்கு கிலோ கிழங்கு தேவைப்படுகிறது. ஒரு லோடு கெட்டால் நிர்வாகம் ஏன் அப்படித் துடிக்கிறது என்பது இதிலிருந்து புரியும்.

எண்ணெயைப் பற்றிய பயம் பலருக்கு இருக்கிறது. பொரித்த எண்ணெயில் மொத்த துருவச் சேர்மங்கள் (சூட்டில் எண்ணெய் சிதைந்து உருவாகும் பொருட்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒழுங்கான தொழிற்சாலையில் அதைக் கருவி வைத்து அளந்து எழுதுவார்கள், கழிந்த எண்ணெய் பயோடீசலுக்குப் போகும்.

கையில் வெட்டுக்காயமோ வயிற்றுப்போக்கோ இருந்தால் உடனே சொல்ல வேண்டும் என்று பயிற்சியில் சொல்லுவார்கள். காயத்துக்கு நீல நிறப் பிளாஸ்திரி ஒட்டுவார்கள். உணவில் நீலம் கிடையாது என்பதால் அது விழுந்தால் கண்ணில் படும். ஆனால் உடம்பு சரியில்லை என்று சொன்னவரை அன்றைய கூலி இல்லாமல் திருப்பி அனுப்பும் இடத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்பதை என் பிரிவினரே பல நேரம் மறந்துவிடுகிறார்கள்.

பதில்: நேந்திரங்காய்

எல்லோரும் பெரிய தொழிற்சாலையைப் பற்றியே எழுதுகிறார்கள். எங்கள் அண்ணன் பொள்ளாச்சிப் பக்கம் சிறிய அளவில் நேந்திரன் சிப்ஸ் போடுகிறார். ஏழெட்டுப் பேர் வேலை செய்கிறார்கள், நானும் கூட இருக்கிறேன். எங்களிடம் பெல்ட் கிடையாது. காயை உரித்து மஞ்சள் தண்ணீரில் போடுவது ஒருவர், கொதிக்கும் தேங்காய் எண்ணெய்க்கு மேலேயே சீவுபலகையைப் பிடித்து நேராக எண்ணெயில் சீவுவது ஒருவர், பதம் பார்த்து உப்புத் தண்ணீர் தெளித்து அள்ளுவது ஒருவர். காயின் பால் பட்டுக் கை கறுத்துப் போகும், தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு உரித்தால்தான் கொஞ்சமாவது தப்பிக்கலாம். அனல் முகத்துக்கு நேராக அடிக்கும்.

இருந்தாலும் உரிப்பவர்கள் உட்கார்ந்து, பேசிக்கொண்டே வேலை செய்யலாம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மதியமே வீட்டுக்குப் போகலாம். ஓணத்துக்கும் தீபாவளிக்கும் முன்னால் இரவு பகல் பாராத வேலை, மற்ற மாதங்களில் சில நாட்கள் வேலையே இருக்காது. பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) இரண்டும் கிடையாது. முழங்கால் வலிக்கு எங்கள் இடம் நல்லது, வருமானத்துக்கு அக்கா கேட்கும் இடம்தான் நல்லது என்று நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி கேட்டவர்: சுல்தான்பேட்டைக்காரி

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. கண்டிராக்டரிடம் மறுபடியும் பேசினேன். முதல் மூன்று மாதம் பயிற்சிக் காலம் என்றும், அதுவரை இ.எஸ்.ஐ. கிடையாது என்றும், ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று ஷிப்ட் மாறும் என்றும் சொல்கிறார். இது வழக்கம்தானா?

பதில்: பேக்கிங் லைன்

வழக்கம்தான், ஆனால் சரியல்ல அம்மிணி. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலையில், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு உட்பட்டிருந்தால், கண்டிராக்டர் மூலம் வந்தவருக்கும் முதல் நாளில் இருந்தே இ.எஸ்.ஐ. உண்டு; உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிப்பார்கள், முதலாளி தன் பங்காக 3.25 சதவீதம் கட்ட வேண்டும். இதில் மூன்று மாதம் தள்ளிப்போவது சின்ன விஷயம் அல்ல. உடம்புக்கு முடியாமல் விடுப்பு எடுக்கும்போது 70 சதவீதச் சம்பளம் கிடைக்க வேண்டுமானால் ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாட்களுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும். கண்டிராக்டர் தாமதப்படுத்தும் ஒவ்வொரு மாதமும் அந்தக் கணக்கில் இருந்துதான் கழிகிறது. முழங்காலைக் காட்டச் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போக வேண்டியவர் நீங்கள், ஆகவே இ.எஸ்.ஐ. எண் வாங்காமல் சேராதீர்கள். கண்டிராக்டர் மழுப்பினால் தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் நேராகக் கேளுங்கள், கண்டிராக்டர் கட்டாவிட்டால் பொறுப்பு தொழிற்சாலையின் தலையில்தான் விழும்.

இரவு ஷிப்ட்டுக்குப் பெண்களின் சம்மதம் வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோய் விடும் வண்டியும் வேண்டும். உங்கள் ஊர் வரைக்கும் வரும் வேன் இரவு ஷிப்ட் முடிந்தும் வருமா, அல்லது மெயின் ரோட்டிலேயே இறக்கிவிடுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் ஓவர்டைம் நிச்சயம் வரும்; அதற்கு இரட்டைக் கூலி என்பதைச் சம்பளச் சீட்டில் பார்த்து வாங்குங்கள்.

செக்கிங்கில் இருந்த உங்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. தரப்பிரிவுத் தம்பி சொன்ன பொறுக்கும் பெல்ட்டுக்குக் கண் பழகிய ஆள் வேண்டும், அப்படிப்பட்ட ஆள் கிடைப்பதில்லை. பனியனில் ஒரு நூல் விலகியிருந்தாலே பிடித்துவிடும் கண்ணுக்குப் பழுப்புச் சில்லு பெரிய வேலை அல்ல. எங்கள் இடத்தில் அந்தப் பெல்ட்டின் இரு பக்கமும் உயரமான இருக்கை போட்டிருக்கிறார்கள். நேர்காணலில் பேக்கிங் என்று பொதுவாகச் சொல்லாமல், செக்கிங் அனுபவத்தைச் சொல்லி அந்த இடத்தைக் கேட்டுப் பாருங்கள்.