காதில் சீழ்: ஆன்டிபயாட்டிக் மருந்தால் செவித்திறன் போய்விடுமா?

கேள்வி

வணக்கம். என் அம்மாவுக்கு வயது 61. சர்க்கரை நோய் உண்டு. சளி பிடித்ததைத் தொடர்ந்து வலது காதிலிருந்து மூன்று வாரமாகச் சீழ் வடிகிறது. காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்துவிட்டு, செவிப்பறையில் ஓட்டை இருப்பதாகக் கூறி, அமாக்சிசிலின் மாத்திரையும் ஆஃப்லாக்சசின் சொட்டு மருந்தும் எழுதிக் கொடுத்தார். அம்மா இரண்டையும் தொட மறுக்கிறார். அம்மாவின் உடன்பிறந்த அண்ணனான என் தாய்மாமா, இளவயதில் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டுக்கொண்ட சில நாட்களிலேயே இரு காதும் கேளாமல் போனவர். ஆகவே ஆன்டிபயாட்டிக் என்றாலே காதைச் செவிடாக்கும் என்று அம்மா முடிவு கட்டிவிட்டார். ஆனால் சென்ற ஆண்டு மருந்துக்கடையில் வாங்கி மீந்துபோன ஜென்டாமைசின் சொட்டு மருந்தை மட்டும், "இது வெறும் சொட்டு மருந்துதானே" என்று ஊற்றிக்கொள்கிறார். அவருடைய அச்சத்தில் நியாயம் உண்டா?

பதில் 1 (மருந்தாளுநர்)

அச்சத்தில் நியாயம் உண்டு. ஆனால் அது தவறான மருந்தின் மீது விழுந்திருக்கிறது. உட்செவியைக் கெடுப்பதில் பெயர்போனவை அமினோகிளைக்கோசைடு வகை மருந்துகள்: ஸ்ட்ரெப்டோமைசின், கானமைசின், அமிகாசின், நியோமைசின், ஜென்டாமைசின் ஆகியவை. அமாக்சிசிலின் பென்சிலின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதற்கு இந்தக் குணம் இல்லை. ஆஃப்லாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் சொட்டு மருந்துகளைச் செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்களுக்கு மருத்துவர்கள் தேர்ந்தெடுப்பதே அவை உட்செவியைத் தாக்குவதில்லை என்பதற்காகத்தான். மருத்துவர் எழுதியதை ஒதுக்கிவிட்டு, ஒதுக்க வேண்டியதை அம்மா ஊற்றிக்கொள்கிறார். அந்தப் புட்டியை இன்றே நிறுத்துங்கள். திறந்து ஒரு மாதம் கடந்த சொட்டு மருந்தை எப்படியும் பயன்படுத்தக் கூடாது.

உங்கள் மாமாவின் செய்தியை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுவில் 1555ஆம் இடத்தில் ஓர் எழுத்து மாறியிருந்தால், அமினோகிளைக்கோசைடு வழக்கமான அளவில் செலுத்தப்பட்டாலும், சிலருக்கு ஒரே ஊசியிலும்கூட, செவித்திறன் போய்விடக்கூடும் என்பது 1993இல் கண்டறியப்பட்டது. ஐரோப்பியரிடையே ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இந்த மாற்றம் இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியா தாய்வழியாக மட்டுமே வருவதால், மாமாவுக்கு அது இருந்தால் உங்கள் பாட்டி வழியாக அம்மாவுக்கும், அம்மா வழியாக உங்களுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் இருக்கக்கூடும். மாமாவின் பிள்ளைகளுக்கு அவர் வழியாக வராது. மாமாவுக்கு நேர்ந்தது இதனால்தானா என்பதை மரபணுப் பரிசோதனைதான் சொல்லும். அதுவரை, குடும்பத்தில் யார் மருத்துவமனையில் சேர்ந்தாலும் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பதில் 2 (செவித்திறன் பரிசோதகர்)

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். ஜென்டாமைசின் சொட்டு மருந்து முற்றிலும் விலக்கப்பட்ட ஒன்றன்று. சீழ் வடியும்போது நடுச்செவியின் சவ்வு வீங்கித் தடித்திருப்பதால் மருந்து உட்செவிக்குள் எளிதில் இறங்குவதில்லை. சீழ் நின்று சவ்வு மெலிந்த பிறகும் தொடர்ந்து ஊற்றுவதில்தான் ஆபத்து அதிகம். இதனால்தான் பிரிட்டனின் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் 2007இல், தொற்று வெளிப்படையாகத் தெரியும்போது மட்டும், இரண்டு வாரத்திற்கு மிகாமல் பயன்படுத்தலாம் என்று வரையறுத்தார்கள். ஆனால் உங்கள் குடும்ப வரலாறு உள்ளவருக்கு அந்தச் சலுகையும் வேண்டாம் என்பேன்.

அமினோகிளைக்கோசைடு மருந்துகள் உட்செவியில் ஒலியை உணரும் சுருளான நத்தையெலும்பின் அடிச்சுற்றில் உள்ள நுண்மயிர்ச் செல்களை முதலில் அழிக்கின்றன. அங்கே கேட்கப்படுவது உச்ச சுருதி ஒலிகள் என்பதால், தொடக்கத்தில் பேச்சு நன்றாகவே கேட்கும். இரவில் சில்வண்டின் ஓசைதான் முதலில் காணாமல் போகும். பிறகு காதிரைச்சல் தொடங்கும். 'ஸ', 'ஷ' ஒலிகள் மழுங்கும். மனிதருக்கு அச்செல்கள் மீண்டும் முளைப்பதில்லை. ஊசியாகப் பெற்றவர்களுக்கு மருந்தை நிறுத்திய சில வாரங்களுக்குப் பிறகும் இழப்பு கூடலாம். ஜென்டாமைசின் கேட்பதைவிடச் சமநிலையையே மிகுதியாகத் தாக்கும். அம்மா இருட்டில் நடக்கும்போது தள்ளாடுகிறாரா என்று கவனியுங்கள். இப்போதே ஒரு ஆடியோகிராம் (செவித்திறனை அளந்து பதியும் வரைபடம்) எடுத்து வைத்தால், பின்னால் ஒப்பிட அடிப்படை கிடைக்கும்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. புட்டியை எடுத்து வைத்துவிட்டேன். வலி இல்லாததால் எந்த மருந்தும் இல்லாமல் தானாக ஆறட்டும் என்கிறார் அம்மா. காத்திருக்கலாமா?

பதில் 2

வேண்டாம். ஆறாத சீழே நடுச்செவியின் சிற்றெலும்புகளை அரித்துக் கேட்கும் திறனைக் குறைக்கும். நாற்றமடிக்கும் சீழ் என்றால் கொலஸ்டியாட்டோமா (நடுச்செவிக்குள் தோல் வளர்ந்து சேர்ந்து எலும்பை அரிக்கும் கட்டி) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு அறுவை சிகிச்சைதான் வழி. சர்க்கரை நோயாளியான அவருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும் காதுவலி, காதின் பின்புறம் வீக்கம், முகம் ஒருபக்கம் கோணுதல், தலைசுற்றல் ஆகியவற்றுள் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். சொட்டு மருந்தைக் கையில் சற்று நேரம் வைத்து உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து ஊற்றுங்கள். குளிர்ந்த துளி விழுந்தால் தலை சுற்றும், அதையும் மருந்தின் கெடுதல் என்று அம்மா நினைத்துவிடுவார்.